டப்மன் அம்மையாரும் முந்நூறு என்னும் கணக்கும்

அமெரிக்க அடிமைகளைத் தப்புவித்த ஹாரியட் டப்மன் அம்மையாரின் வாழ்க்கையை எழுதப் புகுந்தோர் பலரும் ஸாரா பிராட்போர்டு 1869-இல் வெளியிட்ட நூலையே முதலாகக் கொண்டனர். அம்மையார் எழுதப் படிக்க அறியார். அவர் வாய்மொழியாகக் கூறினார், பிராட்போர்டு எழுதினார். வறுமையுற்றிருந்த அம்மையாருக்குப் பொருள் சேர்ப்பதே நூலின் நோக்கம். ஏறத்தாழ 1,200 டாலர் கிடைத்தது. அவ்வளவில் அது பாராட்டத்தக்க தொண்டே.

ஆயினும் நூல் இயற்றிய முறை ஆராயத்தக்கது. பிறர் சான்றினால் உறுதிப்படாத செய்திகள் பலவற்றை விட்டுவிட்டதாக முன்னுரையில் ஆசிரியரே கூறுகிறார். அடிமையாயிருந்தவர் சொல்லுக்கு அயலார் சாட்சி வேண்டுமாம்! இத்துணை எச்சரிக்கை உடையவர், 19 பயணங்கள், 300-க்கு மேற்பட்டோர் என்னும் கணக்கை மட்டும் தயங்காது அச்சேற்றினார். அம்மையாரோ 1858, 1859-ஆம் ஆண்டுக் கூட்டங்களில், எட்டு ஒன்பது பயணங்களில் ஐம்பது அறுபது பேரை மீட்டதாகவே சொல்லியிருந்தார். கேட் கிளிஃபர்ட் லார்சன் 2004-இல் வெளியிட்ட வரலாறு, சுமார் 13 பயணங்கள், சுமார் 70 பேர் எனக் காட்டுகிறது. உயில்களும் வழக்கு ஏடுகளும் நிறைந்த அந்நூல் புதிதாகப் படிப்போரைச் சற்றே களைப்படையச் செய்யும். அவையின்றி இக்கணக்கைத் தீர்த்திருக்க இயலாது.

முந்நூறு என்றால் அது கூட்டம். எழுபது என்றாலோ, அவர்கள் யாவர் என்று கேட்கத் தோன்றுகிறது. மேரிலாந்தின் கிழக்குக் கரையில் அடிமைப்பட்டுக் கிடந்த உடன்பிறந்தாரும் உறவினரும் அறிமுகமானவருமே அவர்களுட் பலர். நீண்ட குளிர்கால இரவுகளையே அம்மையார் தேர்ந்தார். சனிக்கிழமை இரவிற் புறப்பட்டால், திங்கட்கிழமைக்கு முன் பத்திரிகையில் விளம்பரம் வராது என்பதும் அவர் அறிந்ததே. ஓடிவந்தோரைப் பிடித்துக் கொடுக்க வேண்டுமென்னும் 1850-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், கனடா வரை கொண்டு சேர்த்தார். 1857-இல் முதிய பெற்றோரையும் மீட்டார்.

அவரைப் பிடிக்க 40,000 டாலர் பரிசு என்னும் கதையும் இத்தகையதே. அவர் தப்பிய 1849-இல் உடைமையாளர் எலைசா பிராடெஸ் கொடுத்த விளம்பரம் கிடைத்துள்ளது: மாநிலத்திற்கு வெளியே பிடிபட்டால் 100 டாலர், உள்ளே பிடிபட்டால் 50.

பெருக்கிய கணக்கில் மறைந்து போவது ஒன்றுண்டு. 1860-ஆம் ஆண்டு இறுதியில் தங்கை ரேச்சலை மீட்கச் சென்றபோது அவள் இறந்துவிட்டிருந்தாள். அவளுடைய இரு குழந்தைகளை வெளிக்கொணரக் கையூட்டாக வேண்டியிருந்தது 30 டாலர். அம்மையாரிடம் அது இல்லை. அக்குழந்தைகளை விட்டுவிட்டு, என்னல்ஸ் என்னும் குடும்பத்தாரை அழைத்துக்கொண்டு வடக்கு நோக்கி நடந்தார்.