ஆமைக்குத் தீனி: ஒரு துண்டுச் சீட்டின் விமரிசனம்

விமரிசனம் என்றால் நூலையே எடுத்துக்கொள்வது வழக்கம். இந்த மாதம் நான் எடுத்துக்கொண்டிருப்பது நூலன்று. உள்ளங்கை அகலமே உள்ள ஒரு துண்டுச் சீட்டு. அதில் இருப்பவை ஐந்தே வாக்கியங்கள். ஆயினும் அந்த ஐந்தையும் நம்பி நடந்த ஒரு வீட்டில் ஓர் உயிர் இரண்டு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக நலிந்து வந்திருக்கிறது. ஆகவே சீட்டையும் நூலைப் போலவே மதித்து ஆராய்வதில் தவறில்லை.

செங்கல்பட்டில் என் மாணவர் ஒருவரின் அக்காள் வீட்டில் ஓர் ஆமை வளர்கிறது. அக்காளும் அவர் கணவரும் விடியற்காலை மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குச் சென்று, இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர்கள். நாய் வளர்க்க நேரமில்லை என்று ஆமை வாங்கினார்கள். விற்ற கடைக்காரர் ஒரு டப்பா தீனியோடு இந்தச் சீட்டையும் கொடுத்தார். சென்ற மாதம் நான் அந்த ஆமையைப் பார்த்தபோது அதன் கண்கள் வீங்கி மூடியிருந்தன. ஓட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தொட்டால் நனைந்த அட்டையைப் போல வளைந்தது. ஒரு நாளும் தீனி தவறியதில்லை என்று அந்த அம்மாள் கண்ணீரோடு சொன்னார். அது உண்மை. அன்பில் குறைவில்லை, சீட்டில்தான் குறை.

சீட்டு சொல்வது இது: காலை, மாலை இருவேளையும் தீனி போடவும். உலர்ந்த இறால் முழுமையான உணவு. தொட்டியை வெளிச்சம் வரும் சன்னலருகே வைக்கவும். ஆமை சிறியதாகவே இருக்கும். நேரமில்லாதவர்களுக்கு ஏற்ற பிராணி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இருவேளைத் தீனி

ஆமை நம்மைப் போல உணவை எரித்து உடலைச் சூடாக வைத்துக்கொள்ளும் பிராணியன்று. தனக்கு வேண்டிய வெப்பத்தை அது வெயிலிலிருந்தும் நீரிலிருந்தும் பெறுகிறது. எனவே ஒரே எடையுள்ள ஓர் ஆமையையும் ஒரு முயலையும் ஒப்பிட்டால், ஓய்வில் ஆமை செலவிடும் ஆற்றல் முயலினுடையதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். வரவு மிகுந்து செலவு குறைந்தால் என்ன ஆகும்? உடலில் கொழுப்பு சேரும். மீந்த தீனி நீரில் அழுகும். குஞ்சுக்கு நாள்தோறும் சிறிதளவு வேண்டும். வளர்ந்த ஆமைக்கு வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அதன் தலையளவு தீனி போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நற்செய்தி. ஆனால் சீட்டு இதைச் சொல்லவில்லை. இருவேளை போட்டால் டப்பா விரைவில் காலியாகும் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

உலர்ந்த இறால்

ஐந்தில் பெரும் பிழை இதுவே. ஆமையின் ஓடு சட்டை போல மேலே போட்டுக்கொண்டதன்று. விலா எலும்புகளும் முதுகெலும்பும் இணைந்து விரிந்த எலும்புக் கூடு அது. அந்த எலும்புக்குக் கால்சியம் வேண்டும். கால்சியம் இருந்தால் மட்டும் போதாது. அதற்கும் பாஸ்பரசுக்கும் உள்ள விகிதம் முக்கியம். கால்சியம் இரண்டு பங்கு என்றால் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்பது நல்ல அளவு. கோழி ஈரலில் கணக்குத் தலைகீழாக இருக்கிறது: கால்சியம் ஒரு பங்குக்குப் பாஸ்பரஸ் முப்பது பங்குக்கும் மேல். எலும்பில்லாத கோழிக்கறியிலும் பதினைந்து பங்குக்குக் குறையாது. உணவிலிருந்து கால்சியம் கிடைக்காதபோது உடல் தன் சொந்த எலும்பிலிருந்தே அதை எடுக்கிறது. வீட்டுச் சுவரிலிருந்து செங்கல்லை உருவி அடுப்புக் கட்டுவது போன்றது இது. ஓடு வளைந்ததன் காரணம் இங்கே தொடங்குகிறது.

கண் வீக்கத்துக்குக் காரணம் வேறு. உலர்ந்த இறாலையும் கறியையும் மட்டுமே தின்று வளரும் குஞ்சுகளுக்கு வைட்டமின் ஏ பற்றாக்குறை ஏற்படுகிறது. கண்ணைச் சுற்றியுள்ள சவ்வு தடித்து இமை மூடிக்கொள்கிறது. கண் தெரியாத ஆமை தீனியைத் தேடாது. அது பட்டினி கிடப்பதைக் கண்டு, இறால் பிடிக்கவில்லை போலும் என்று நாம் வேறு டப்பா வாங்குகிறோம்.

சன்னலோர வெளிச்சம்

இது இயற்பியல் சம்பந்தப்பட்ட வாக்கியம். ஆகவே சற்று நின்று பார்க்கிறேன். கால்சியம் குடலிலிருந்து உடலில் சேர வைட்டமின் டி தேவை. ஆமையின் தோலில் உள்ள ஒரு கொழுப்புப் பொருளின் மீது சூரியனின் புற ஊதாக் கதிர் படும்போது அந்த வைட்டமினின் முன்வடிவம் உண்டாகிறது. பின்னர் உடலின் வெப்பம் அதை வைட்டமினாக மாற்றுகிறது. இந்த வேலையைச் செய்யக்கூடியவை ஏறக்குறைய 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிர்கள் மட்டுமே. நம் வீட்டுச் சன்னல் கண்ணாடி இந்தக் கதிர்களை ஏறத்தாழ முழுமையாக உறிஞ்சிவிடுகிறது. அதைவிட நீண்ட அலைகள் தாராளமாக நுழைகின்றன. அதனால் தொட்டி பளிச்சென்று இருக்கும். நம் கண் ஏமாந்து போகும். சல்லடையில் தவிடு இறங்கி அரிசி மேலே நின்றுவிட்டது போலத்தான். கண்ணாடி வெப்பத்தையும் உள்ளே பிடித்து வைப்பதால் சிறு தொட்டி நேர் வெயிலில் சூளையாகவும் மாறும். வீட்டின் சாதாரண எல்.இ.டி. விளக்கு அந்தக் கதிர்களைத் தருவதில்லை. நீலமாக ஒளிர்வதெல்லாம் புற ஊதா விளக்கும் அன்று.

ஆக, ஆமையின் சமச்சீர் உணவில் ஒரு பகுதி டப்பாவில் இல்லை, வானத்தில் இருக்கிறது. அதை விற்க முடியாது. ஆகவேதான் சீட்டில் இடம்பெறவில்லை.

நம் ஊருக்கு இதில் ஒரு பாக்கியம் உண்டு. செங்கல்பட்டு ஏறக்குறைய 12.7 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால், ஆண்டில் சூரியன் மிகத் தாழ்ந்து செல்லும் டிசம்பர் இறுதியிலும் நண்பகலில் 54 டிகிரி உயரத்தில் நிற்கிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வெயிலில் வேண்டிய கதிர் போதிய அளவு உண்டு. மே மாதத்தில் காலை ஒன்பது மணிக்கே அந்த நிலை வரும். டிசம்பரில் பத்து மணிக்குச் சற்றுப் பின்னர். விடுமுறை நாட்களிலும், முடிந்தால் வாரத்தில் வேறு ஓரிரு நாட்களிலும் அரைமணி நேரம் வெயில் காட்டினால் பெரும் உதவி. கண்ணாடித் தொட்டியில் அன்று. அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில், பாதி நிழலும் ஏறி உட்கார ஒரு கல்லும் மேலே காக்கைக்குக் கம்பி வலையும் வைத்து, நீங்களும் அருகில் இருந்து.

சிறியதாகவே இருக்குமா?

கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் சிவப்புக் காது ஆமை. இதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. நாணயம் அளவில் வாங்கும் குஞ்சு, பெண்ணாக இருந்தால் 25 சென்டிமீட்டர் நீள ஓடு வரை வளரும். முப்பது ஆண்டு வாழ்வதும் உண்டு. அமெரிக்காவிலேயே 1975 முதல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்கத் தடை இருக்கிறது. குழந்தைகள் அவற்றைக் கையாண்டு சால்மோனெல்லா நோய்க்கு ஆளானதே காரணம். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்ற ஒரு வரி கூடச் சீட்டில் இல்லை.

வளர்ந்துவிட்ட ஆமையை என்ன செய்வது என்று தெரியாமல் பலர் ஏரியில் விடுகிறார்கள். கொளவாய் ஏரியில் விட்டால் புண்ணியம் என்று என்னிடமே ஒருவர் சொன்னார். உலகின் மிகக் கேடான நூறு அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் ஒன்று. நம் ஏரிகளின் பாலாமைக்கும் காராமைக்கும் உரிய இரையிலும் வெயில் காயும் இடத்திலும் அது பங்குக்கு வரும்.

அப்படியானால் நம் நாட்டு ஆமையையே வளர்க்கலாமே என்று கேட்காதீர்கள். பாலாமை, காராமை, நட்சத்திர ஆமை ஆகியவற்றைப் பிடிப்பதும் வீட்டில் அடைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மாமல்லபுரக் கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் பங்குனி ஆமைக் குஞ்சுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. அதற்கு நம் தீனியே தேவையில்லை. உடலில் எஞ்சியுள்ள மஞ்சள் கருவைக் கொண்டே முதல் சில நாட்கள் கடலில் நீந்தும்.

நேரம் என்னும் கணக்கு

ஐந்தாவது வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. நாளுக்கு ஆமை கேட்கும் நேரம் குறைவுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை உட்கார்ந்தால் ஒரு வாரத்துக்கு வேண்டியதைத் தயார் செய்துவிடலாம். முருங்கைக் கீரையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் உண்டு. சிறிதளவு கிள்ளிப் போடலாம். வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகள், துருவிய கேரட், எப்போதாவது முள்ளோடு ஒரு சிறு மீன். வயது ஏற ஏறக் கறி குறைந்து தழை கூட வேண்டும். ஆமைக்கென்றே தயாரித்த நல்ல உருண்டைத் தீனியை நான் குறை சொல்லவில்லை. அதுவும் ஒரு பங்காக இருக்கட்டும். கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள். மாமல்லபுரம் கடற்கரையில் வெள்ளையாக ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓடுதான் அது; பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். இரண்டு மூன்று நாள் நல்ல நீரில் ஊறவைத்து உப்பை நீக்கி, ஒரு துண்டை மிதக்க விட்டால் ஆமை தானே கடித்துக்கொள்ளும். நீராமை நீருக்குள்தான் விழுங்கும். எனவே தனி வாளியில் தீனி போட்டால் தொட்டியும் அழுக்காகாது.

உண்மையின் மறுபாதியைச் சீட்டு மறைக்கிறது. நிமிடங்களை எண்ணிக் காட்டுகிற அது, ஆண்டுகளை எண்ணவில்லை. முப்பது ஆண்டு என்பது ஒரு மனிதரின் உத்தியோக காலம்.

ஆமை வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகுமுன் ஒருமுறை வடநெம்மேலிக்குப் போய்வரலாம். 1976இல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணை அங்கே இருக்கிறது. மாமல்லபுரத்துக்குப் போகும் வழிதான். எல்லோரும் முதலையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நீங்கள் ஆமைகள் இருக்கும் இடத்திலும் பத்து நிமிடம் நில்லுங்கள். கழுத்தையும் கால்களையும் நீட்டி வெயிலில் கிடக்கும் ஆமையைச் சோம்பேறி என்று எண்ணாதீர்கள். அது அப்போது உணவின் ஒரு பகுதியை உட்கொண்டிருக்கிறது.

என் மாணவரின் அக்காள் வீட்டு ஆமையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டினார்கள். கண் திறந்துவிட்டது. ஓடு மெல்ல இறுகி வருகிறது. ஆனால் வளைந்த வளைவு இனி நிமிராது என்கிறார் மருத்துவர். டப்பாவோடு ஒரு சீட்டு வந்தால் வாசகர்களே, அது எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விட்டது என்பதையும் கேளுங்கள்.