தீவும் பாத்திரமும்: ஆன்மீகப் பயண இலக்கியம் குறித்து மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

தனியொருவர் கடல் கடந்து தொலைதீவொன்றை அடைந்து, ஆங்கு நிலவும் அமைதியிலே தம்மைத் தாமே கண்டுகொள்ளுதல் உலக இலக்கியங்கள் பலவற்றிற் பயின்றுவரும் ஒரு பொருளாகும். தமிழில் இப்பொருளுக்குத் தலையாய எடுத்துக்காட்டு மணிமேகலைக் காப்பியமே. புகாரின் பூஞ்சோலையில் உறங்கிய மணிமேகலை, தெய்வத்தினால் முப்பது யோசனைக்கு அப்பாலுள்ள மணிபல்லவத்திற் சேர்க்கப்படுகிறாள். தோழியரும் தாயும் இல்லாத அத்தனிமையில் முதலில் அவள் அஞ்சி அழுகிறாள். பின்னர்ப் புத்த பீடிகையைக் கண்டு பழம்பிறப்பு உணர்கிறாள். இவ்வளவோடு கதை முடிந்திருப்பின், அது தனிமனித ஞானோதயக் கதையாக மட்டுமே நின்றிருக்கும். ஆனால் சாத்தனார் அவளை வெறுங்கையோடு திருப்பியனுப்பவில்லை. கோமுகிப் பொய்கையிலிருந்து வெளிப்பட்ட அமுதசுரபியை ஏந்தியே அவள் புகாருக்கு மீள்கிறாள். காயசண்டிகையின் தீராப் பசி தீர்கிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது.

இதற்கு மறுதலையான கதையொன்றும் அதே காப்பியத்தில் உண்டு. அப்பாத்திரத்தை முன்பு ஏந்தியிருந்த ஆபுத்திரன், பஞ்சத்தால் வாடிய சாவக நாட்டுக்குச் செல்லும் வழியில் மணிபல்லவத்தில் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் எனக் கருதிய மாலுமிகள் கலத்தைச் செலுத்திவிடுகின்றனர். பல்லாயிரவர் பசியைத் தீர்க்கவல்ல பாத்திரம் கையிலிருந்தும், உண்பதற்கு ஒருவருமில்லாத தீவில் அது பயனற்றுப்போகிறது. தன்னுயிரை மட்டும் அதனாற் காத்துக்கொள்ள மனமின்றி, அதனைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் துறக்கிறான். ஒரே தீவு ஒருத்திக்கு அறத்தின் தொடக்கமாகவும் ஒருவனுக்கு அறத்தின் முட்டுப்பாடாகவும் அமைகிறது. தனிமை தன்னளவில் முழுமையுடையதன்று. மீண்டு செல்வதற்கு மனிதர் இருத்தல் வேண்டும் என்பதே இவ்விரு கதைகளும் சேர்ந்து உணர்த்தும் உண்மை எனலாம். இதனை ஓர் அளவுகோலாகக் கொண்டு, இலங்கைத் தீவை நாடிவந்த மேலைநாட்டு ஆன்மீகப் பயணிகளின் எழுத்தை மதிப்பிடுதல் பயனுடையதாகும்.

அவ்வாறு மதிப்பிடுவதற்கு மலையகம் பொருத்தமானதோர் இடம். சிவனொளிபாதமலையைச் சமனொளி என்ற பெயரில் அறிந்திருந்த காப்பியமும் மணிமேகலையே. அம்மலையின் வடக்கே, நாவலப்பிட்டிக்கும் ஹற்றனுக்கும் இடையில், மழைக்குப் பெயர்பெற்ற தேயிலைப் பகுதியாகிய வட்டவளை அமைந்துள்ளது. 1874 இல் நாவலப்பிட்டியை எட்டிய இருப்புப்பாதை வட்டவளை வழியாக 1884 இல் ஹற்றனையும், 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. கோப்பியும் தேயிலையும் கொண்டுசெல்வதற்காக இடப்பட்ட அப்பாதையே, பின்னர் அமைதி தேடி வந்த பயணிகளையும் மலைக்கு ஏற்றிவந்தது. வண்டியின் யன்னலுக்கு வெளியே தெரிந்த பசுமை இயற்கையின் கொடையன்று. காடழித்துச் சரிவு சரிவாக அதனை நட்டு வளர்த்தவர்கள், தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்துவந்த மக்களாவர். பயணி 'தீவு' என்று கண்ட நிலத்தை அவர்கள் 'கண்டிச் சீமை' என்று அழைத்தனர். ஒரே நிலத்துக்கு வழங்கிய இவ்விரு பெயர்களுக்கிடையே உள்ள தொலைவே ஈண்டு ஆராயத்தக்கது.

இப்பயணிகளுள் முதலில் நோக்கற்பாலர் எட்வேட் கார்ப்பென்டர் (1844 – 1929). இங்கிலாந்துத் திருச்சபைப் பணியைத் துறந்து, உழைக்கும் மக்களிடையே வாழ்ந்த சமதர்மவாதியாகிய அவர், கேம்பிரிட்ஜ் நண்பரான பொன்னம்பலம் அருணாசலத்தின் தொடர்பால் 1890 இல் இலங்கை வந்தார். குருநாகலில் இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் பல வாரங்கள் பாடங்கேட்டார். அவ்வனுபவத்தையும் சிவனொளிபாதமலைப் பயணத்தையும் 'ஆதாம் மலையிலிருந்து எலிபெண்டா வரை' என்ற நூலில் (1892) எழுதினார். எண்ணங்களை ஒடுக்கி, எண்ணங்கடந்த உணர்வுநிலையை எய்துதலும், பிற உயிர்களைத் தன்னின் வேறாகக் காணாமையும் அந்த ஞானியின் போதனையாக அதில் விளக்கம் பெறுகின்றன. அந்நூலின் சிறப்பு யாதெனில், ஞானியைத் தேடிவந்த கண்கள் தேயிலைத் தோட்டத்தையும் கண்டன என்பதே. தோட்டத் தொழிலாளரின் அற்பக் கூலியையும் அவர்களைப் பிணித்த முறையையும் அவர் கண்டனக் குரலிலேயே பதிவுசெய்தார்.

ஆயினும் நூலின் அமைப்பிலே ஒரு பிளவு உண்டு. ஞானியைப் பற்றிய அத்தியாயங்கள் தனியொரு பகுதியாக நிற்கின்றன. தோட்டங்களைப் பற்றிய செய்தி பயணக் குறிப்புகளோடு நின்றுவிடுகிறது. 'பிறரைத் தன்னின் வேறாகக் காணாதே' என்ற போதனை, கொழுந்துக் கூடை சுமந்து நிற்கும் பெண்ணை நோக்கும்போது என்ன பொருள் தரும் என்ற வினா நூலில் நேரடியாக எழுப்பப்படவில்லை. இரண்டும் ஒருவராலேயே காணப்பட்டவை. இரண்டு தாள்களில் எழுதப்பட்டவை. ஞான அத்தியாயங்கள் 1911 இல் தனிநூலாக வெளிவந்தபோது அப்பிளவு முழுமையடைந்தது. மலையும் தோட்டமும் பின்தங்க, ஞானி மட்டும் பயணத்தைத் தொடர்ந்தார்.

அப்பிளவு எழுத்தில் அன்றி வாழ்வில் ஓரளவு இணைக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. இணைக்க முயன்றவர் கார்ப்பென்டரை அழைத்த நண்பரே. அருணாசலம் திருவாசகத்திலும் தாயுமானவரிலும் தோய்ந்தவர். நண்பருக்கு ஞானநெறி பற்றிக் கடிதங்கள் எழுதியவர். அக்கடிதங்கள் அவர் மறைந்தபின் 1927 இற் கார்ப்பென்டரின் பதிப்பாக வெளிவந்தன. அதே அருணாசலம் 1915 இல் சமூகசேவைக் கழகத்தையும், 1919 இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் தோற்றுவித்து, தோட்டத் தொழிலாளரைக் கட்டிப்போட்ட சட்டங்களுக்கு எதிராகக் குரலெழுப்பினார். தொழிலாளியின் கடனை ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921 இல் ஒழிக்கப்பட்டதில் அவர் போன்றோரின் முயற்சிக்கும் பங்குண்டு. அவர் உயர்குடியினர், ஆட்சிப் பதவிகளை வகித்தவர். அவ்வரையறைகளை மறைக்க வேண்டியதில்லை. எனினும் குருநாகலிற் கேட்ட போதனையின் பொருளை நாட்டின் சட்டத்திலும் தேடியவர் என்ற வகையில், வெறுங்கையோடு மீளாத ஒருவராக அவரைக் கொள்ளலாம்.

ஹெர்மன் ஹெஸ்ஸே (1877 – 1962) வேறு வகையினர். 1911 இல் ஓவிய நண்பர் ஒருவரோடு வந்த அவர், மலாயாவும் சுமாத்திராவும் கண்டபின் இலங்கையை அடைந்தார். உடல்நலம் குன்றிய நிலையிலும் நுவரெலியாவில் பீதுறுதலாகல மலையேறினார். அவ்வனுபவம் 1913 இல் வெளிவந்த 'இந்தியாவிலிருந்து' என்ற நூலில் இடம்பெற்றது. பயணத்துக்கு நண்பர் துணையிருந்தபோதும், மலையுச்சிக் காட்சி தனிமையின் காட்சியாகவே எழுதப்பட்டுள்ளது. ஐரோப்பியன் இழந்த சொர்க்கத்தைத் தென்னாட்டிற் பெறவியலாது, அதனைத் தன்னுள்ளேயே தேடவேண்டும் என்பது அப்பயணத்தின் முடிவு. அம்முடிவில் நேர்மை உண்டு. கீழைநாட்டை வியந்து போற்றியே காலங்கழித்த பலரினும் இவ்வகையில் அவர் உயர்ந்தவரே. ஆனால் அந்த மலையுச்சியைச் சூழ்ந்திருந்தவை அப்போதே தேயிலை மலைகள். தீவின் தோட்டங்களை நம்பி ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தமிழர் வாழ்ந்த காலம் அது. ஆதிநிலத்தின் பேரமைதியைக் கண்ட பார்வைக்கு அவர்கள் நிலக்காட்சியின் நிறமாகக்கூடத் தென்படவில்லை. பதினோராண்டு கழித்து வெளிவந்த 'சித்தார்த்தா' நாவலில் ஓடக்காரனிடம் ஞானம் காணும் பக்குவம் அவருக்குக் கைகூடியது என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும்.

மூன்றாமவர் தோமஸ் மேர்ட்டன் (1915 – 1968). அமெரிக்கத் துறவியாகிய அவர் 1968 டிசெம்பர் முதல் வாரத்திற் பொலன்னறுவைக் கல்விகாரையை அடைந்தார். உடன்வந்த குருவானவர் ஒதுங்கி நிற்க, ஈரப்புல்லில் வெறுங்காலோடு தனியே நடந்து புத்தர் சிலைகளின் முன் நின்றார். தாம் தேடியது அக்கணத்தில் தெளிந்தது என்று நாட்குறிப்பில் எழுதினார். அந்த மாதம் 10 ஆம் நாள் பாங்கொக்கில் அவர் இறந்தார். நாட்குறிப்பு 1973 இல் நூலாகியது. அப்பகுதியின் அழகையும் உண்மையையும் ஐயுற வேண்டியதில்லை. வியட்நாம்ப் போரையும் நிறவெறியையும் எதிர்த்து எழுதிய அவர் சமூக நோக்கற்றவரும் அல்லர். எனினும் அந்த டிசெம்பரில் இலங்கை மலைகளில் வாழ்ந்த தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டிருந்தனர். 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் இரு அரசுகளாலும் எண்ணிப் பங்கிடப்பட்டிருந்தனர். கண்டிவரை வந்த துறவியின் தீவில் இம்மக்களுக்கு இடமில்லை. மீண்டு செல்ல அவருக்கு ஆயுளும் இருக்கவில்லை. ஆபுத்திரனைப்போல அவர் கலம் தவறியவர் எனலாம்.

ஆன்மீக நூலிடம் தொழிலாளர் அறிக்கையைக் கேட்டல் நியாயமா என்ற ஆட்சேபம் இவ்விடத்து எழலாம். அறிக்கை எதுவும் கேட்கப்படவில்லை. ஒரு நிலத்தை 'வெறுமை' என்றும் 'அமைதி' என்றும் எழுதும்போது, அங்கு வாழ்வோர் எவ்வாறு எழுத்திலிருந்து அகற்றப்படுகின்றனர் என்பதே கேள்வி. அது இலக்கிய விமர்சனத்தின் கேள்வியே. மேலும், தனிமை எல்லார்க்கும் கிட்டும் பொருளன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் மூன்று தலைமுறை ஒன்றாகப் படுத்துறங்கும் குடும்பத்துக்குத் தனிமை ஒரு பெருஞ்செல்வம். விடியுமுன் பிரட்டுக்குப் போகும் பெண் தன்னோடு தான் பேசிக்கொள்ளக் கிடைப்பது நிரையிற் கொழுந்தெடுக்கும் பொழுதே. அவளும் பருவகாலத்திற் சிவனொளிபாதமலை ஏறுகிறாள். ஆனால் தனியாக அன்று. குழந்தையைத் தோளிலும் சோற்றுப் பொட்டலத்தைக் கையிலும் கொண்டு, ஊராரோடு சேர்ந்து ஏறுகிறாள். தன்னைத் தேடுதல் என்ற சொல் அவளிடம் இல்லை என்பதனால் அத்தேடலும் இல்லையென முடிவுசெய்தல் பொருந்தாது.

அத்தேடலை எழுத்தாக்கியவர்களுள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான அவர், 1954 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்ற கவிதைநூலில் மலையின் பனியையும் விடியலையும் எந்தப் பயணிக்கும் குறையாத ஈடுபாட்டுடன் பாடினார். அவரது பனிக்குள்ளே மனிதர் நடக்கின்றனர். பசுமையின் வேரடியிலே மாண்டவர் கிடக்கின்றனர். பயணியின் நிலக்காட்சியும் தொழிலாளியின் வரலாறும் ஒரே தாளில் எழுதப்பட முடியும் என்பதற்கு அதுவே சான்று.

2023 இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் நடந்து வந்தனர். அதுவும் இத்தீவில் நிகழ்ந்த ஓர் ஆன்மீகப் பயணமே. பழம்பிறப்பு உணர்தலுக்கு அதனினும் தகுந்த உவமை காண்டல் அரிது. ஆயினும் மணிமேகலையின் அளவுகோல் அந்நடைக்கும் பொருந்தும். பழம்பிறப்பு உணர்ந்தபின் கையில் ஏந்தவேண்டிய பாத்திரம் எது? நிலமா, வீடா, கல்வியா, போதிய கூலியா? இவ்வினாவை மலையகத்தின் எதிர்கால எழுத்து எதிர்கொள்ளுமாயின், தொலைதீவைத் தேடிவந்தோர் எழுதாது விட்ட பக்கங்களை இத்தீவில் வாழ்வோரே எழுதி நிறைவுசெய்தவராவர்.