பட்டறியும் ஆட்டம்: கடுமைமிகு திரை விளையாட்டுகளின் மொழியும் மும்பைத் தமிழரும்

மொழிபெயர்ப்பியல் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இலக்கியம், சட்டம், செய்தி, திரைப்படம் ஆகியவற்றின் மொழி பெரிதும் பேசப்பட்டுள்ளது. திரையில் ஆடப்படும் விளையாட்டின் மொழி அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. கைத்திறன் சார்ந்த ஒன்றில் மொழிக்கு என்ன வேலை என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். ஆனால் ஜப்பானில் தோன்றி உலகெங்கும் பரவியுள்ள ஒருவகை விளையாட்டில், ஆடுபவர் படும் இடர்ப்பாட்டில் ஒரு பாதி கைக்கு உரியது. மறு பாதி மொழிக்கு உரியது. அம்மறு பாதியைத் தமிழில் பெயர்க்க முற்பட்டால் எழும் சிக்கல்களையும், அவற்றை ஆங்கிலத்திலேயே ஆட நேரும் மும்பைத் தமிழ் இளைஞரின் நிலையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆட்டத்தின் இயல்பு

டோக்கியோவில் 1986இல் தொடங்கப்பெற்ற ஃப்ரம் சாஃப்ட்வேர் நிறுவனம் 2009இல் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. தொடர்ந்து ‘டார்க் சோல்ஸ்’ (2011), ‘பிளட்போர்ன்’ (2015), ‘செகிரோ’ (2019), ‘எல்டன் ரிங்’ (2022) ஆகியன வந்தன. இவற்றுள் பெரும்பாலானவை ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி. எனப்படும் வகையின. ஆடுபவர் ஒரு வீரரின் வேடத்தை ஏற்று, அவ்வீரரின் ஆற்றலைப் படிப்படியாகப் பெருக்கிக்கொண்டே, தம் கைவேகத்தாலும் போரிடுவார். இவ்வகை முன்பே உண்டு. ஃப்ரம் சாஃப்ட்வேர் அதில் சேர்த்தது கடுமை. அக்கடுமை விற்பனையைக் குறைத்ததாகத் தெரியவில்லை. எல்டன் ரிங் 2024ஆம் ஆண்டின் நடுவில் இரண்டரைக் கோடிப் படிகளைத் தாண்டி விற்றிருந்தது.

தொடக்கத்திலேயே ஆடுபவர் தோற்கும்படி ஆட்டம் அமைந்துள்ளது. டார்க் சோல்ஸில் உடைந்த வாளுடன் சிறையிலிருந்து வெளிவருபவர்முன் யானையளவு பூதம் ஒன்று குதிக்கிறது. எதிர்த்து நிற்பவர் மாள்வார். பக்கத்தில் ஒரு கதவு திறந்திருப்பதைக் காண்பவர் பிழைப்பார். எல்டன் ரிங்கில் திறந்தவெளிக்கு வந்தவுடன் பொற்கவசம் அணிந்த குதிரைவீரர் ஒருவர் உலவுகிறார். அவரை இப்போது வெல்லல் எளிதன்று, ஒதுங்கிப் போய்ப் பின்னர் வரலாம் என்று எவரும் சொல்வதில்லை. இரண்டு மூன்று முறை மாண்டவர் தாமே உணர்கிறார்.

தொகுத்த செல்வம் மாண்ட இடத்தில் கிடக்கும். திரும்பச் சென்று எடுக்க ஒரே ஒரு வாய்ப்பு உண்டு; வழியில் மீண்டும் மாண்டால் அதுவும் போயிற்று. டார்க் சோல்ஸில் தீமூட்டத்தருகே இளைப்பாறினால் உயிரும் மருந்தும் நிறையும். ஆனால் கொன்ற சிறு பகைவர் அனைவரும் உயிர்த்தெழுவர். வீச்சுக்கும் தடுப்புக்கும் உருண்டு தப்பலுக்கும் மூச்சு செலவாகிறது. எனவே, பகைவர் சாய்ந்துவிடுவார் என்று நினைத்து இன்னும் ஒரே ஓர் அடி கூடுதலாக அடிக்க ஆசைப்படுபவர் மூச்சிழந்து நின்று அடிபடுகிறார். பெரும்பகைவர் சிலர் ஓங்கிய கையை வேண்டுமென்றே தாழ்த்தி இறக்குவர். ஓங்கியதைக் கண்டவுடன் உருண்டவர் எழும்போது அடி விழும். வினைமுற்று வரும்வரை வாக்கியத்தின் பொருளை முடிவு செய்யாத தமிழ்ச் செவிக்கு இந்தப் பொறுமை பழக்கமானதுதான் என்று வேடிக்கையாகக் கூறலாம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் பரமபதத்திலும் உச்சியை நெருங்கியவர் பாம்பின் வாயில் விழுந்து அடிக்கு வருகிறார். எனினும் அங்கே விழச்செய்வது தாயக்கட்டை. விழுந்தவர் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. இங்கே விழச்செய்தது தம் கை என்பது ஆடுபவருக்குத் தெரியும். இவ்விளையாட்டுகளின் கவர்ச்சி இதில்தான் உள்ளது. வென்றபின் வீரரின் ஆற்றல் சிறிதே பெருகியிருக்கும். ஆடியவரின் கண்ணும் கையுமே பெரிதும் தேறியிருக்கும். சிலம்பம் பயில்பவர் காலடியை நூறுமுறை வைத்து வைத்துப் பெறுவதும் இத்தகைய தேர்ச்சியே.

அரைகுறை வாசிப்பு

கையைப் போலவே வாசிப்பும் இங்கே சோதிக்கப்படுகிறது. கதையைச் சொல்லும் கதைசொல்லி பெரும்பாலும் இல்லை. ஒரு மோதிரத்துக்கோ துருப்பிடித்த வாளுக்கோ எழுதப்பட்ட மூன்று நான்கு வரிக் குறிப்புகளிலிருந்து, அழிந்துபோன அரச குலங்களின் வரலாற்றை ஆடுபவரே கோத்துக்கொள்ள வேண்டும். வரிகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு.

இவ்வமைப்பின் தோற்றுவாய் கருதத்தக்கது. இவ்விளையாட்டுகளின் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி, வசதி குறைந்த குடும்பத்தில் வளர்ந்தவர். சிறுவயதில் நூலகத்திலிருந்து நூல்களை எடுத்துப் படித்ததாகவும், புரியாத இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகவும் 2015இல் வெளிவந்த ஒரு நேர்காணலில் அவர் கூறியுள்ளார். அரைகுறையாகப் படித்த அனுபவமே பின்னர் ஒரு கலைமுறையாயிற்று எனலாம். டார்க் சோல்ஸின் ஜப்பானியப் பதிப்பிலும் மாந்தர் ஆங்கிலமே பேசுகின்றனர். கீழே ஜப்பானிய எழுத்து ஓடுகிறது. மூலமொழி எது, பெயர்ப்புமொழி எது என்னும் எல்லையே இங்குக் குழம்பிவிடுகிறது.

இப்பின்புலத்தில் மும்பைத் தமிழரின் நிலையை நோக்கலாம். தோல் பதனிடும் தொழிலை நாடி 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தவர்களின் வழியினர் தாராவியில் வாழ்கின்றனர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலகப் பணிகளை ஒட்டி வந்த குடும்பங்கள் மிகுதி. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, அரசு அலுவலகத்தில் மராத்தி, திரையில் ஆங்கிலம் என்னும் பங்கீடு இவர்களுக்குப் பொது. ஆங்கிலத்தோடு உள்ள உறவு மட்டும் பொதுவன்று. செம்பூரில் ஆங்கிலவழியில் படித்த மாணவர் ‘எம்பர்’, ‘ஹாலோ’ போன்ற சொற்களை எதிர்கொள்வதும், தாராவியில் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படித்த மாணவர் எதிர்கொள்வதும் ஒன்றாகா.

கருவியின் விலையும் இதில் சேர்கிறது. 2021இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது பிளேஸ்டேஷன் 5இன் விலை 49,990 ரூபாய். வாங்க இயலாதவர், மணிக்கணக்கில் வாடகை வாங்கும் கடைகளை நாடவேண்டியுள்ளது. இருவர் எதிரெதிர் அமர்ந்து பத்து நிமிடத்தில் முடிக்கும் கால்பந்துக்கும் குத்துச்சண்டைக்கும் ஏற்ற இடம் அது. ஒரே பகைவரிடம் ஒரு மணி நேரம் மாண்டுகொண்டிருப்பவருக்கு ஒவ்வொரு சாவும் காசு.

அரைகுறையாகப் படித்துக் கற்பனையால் நிரப்பும் தாராவி மாணவரே மியாசாகியின் உண்மையான வாசகர், ஆகவே தமிழாக்கம் தேவையில்லை என்று வாதிட இடமுண்டு. அவ்வாதம் கேட்க இனிது, ஏற்கத்தக்கதன்று. ஆசிரியர் திட்டமிட்டு விட்ட இடைவெளி வேறு. சொல்லுக்குப் பொருள் தெரியாமையால் விழும் இடைவெளி வேறு. முன்னதை நிரப்பும்போது வாசகர் ஆசிரியரோடு சேர்ந்து படைக்கிறார். பின்னதில், இடைவெளி எது, எழுதப்பட்டது எது என்பதே அவருக்குத் தெரிவதில்லை. எல்டன் ரிங் தாய் மொழி உட்படப் பதினான்கு வகை எழுத்துமொழிகளில் வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றுகூட அவற்றில் இல்லை.

தமிழாக்கம் செய்வோர் செய்யக்கூடிய பெரும்பிழை விளக்கம் தருவது. எல்டன் ரிங்கில் ராடகான் என்னும் அரசரும் மாரிகா என்னும் அரசியும் ஒருவரே என்பது நெடுந்தொலைவு சென்றபின்னரே வெளிப்படும். ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைப் பெயரே பாலைக் காட்டும். தமிழில் ‘ஆன்’, ‘ஆள்’ என்னும் வினைமுற்று விகுதிகளும் காட்டும். ஆனால் ‘ஆர்’ என்னும் மதிப்பு விகுதி பாலை முற்றாக மறைக்கும். பலர்பால் ஈற்றை ஒருவர்க்கு வழங்கும் தமிழ் மரபு, ஆங்கிலத்துக்கு எளிதில் வாய்க்காத ஒரு திரையை இங்கே தானாகவே விரித்துத் தருகிறது. தெளிவுக்காக அதனை விலக்குபவர் ஆட்டத்தைக் கெடுத்தவராவார்.

சாவைக் குறிக்கும் சொல்

ஒவ்வொரு முறை மாளும்போதும் டார்க் சோல்ஸில் செந்நிற எழுத்துகளில் ‘யூ டைட்’ என்னும் ஆங்கிலத் தொடர் திரையில் தோன்றும். ஜப்பானியப் பதிப்பிலும் அதுவே. செகிரோவில் சாவு என்னும் பொருளுடைய ஒற்றைச் சீன எழுத்து திரையை நிறைக்கும். தமிழில் என்ன எழுதுவது?

‘நீ செத்தாய்’ என்பது வசையாக ஒலிக்கும். ‘நீங்கள் இறந்துவிட்டீர்கள்’ என்பது மருத்துவமனை அறிவிப்பு போன்றது. ‘காலமானீர்’ நகைப்புக்கு இடமாகும். தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என நன்னூல் மூன்றாகப் பகுத்தது. இவற்றுள் மங்கல வழக்கு வலுவாக நிற்கும் மொழி தமிழ். சாவுச் சொல்லை வீட்டில் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவோர் இன்றும் உளர். ஆயினும் ஆட்டத்தில் அமர்ந்தவுடன் ‘செத்துட்டேன்’ என்று தன்மையிலேயே கூசாமல் சொல்வதும் அதே வீட்டுப் பிள்ளைதான். தன் சாவை இறந்தகாலத்தில் தானே அறிவிக்கும் அவ்வாக்கியம் விளையாட்டன்றி வேறெங்கும் மெய்யாக இயலாது.

‘பட்டாய்’ என்னும் சொல்லை ஈண்டு முன்வைக்கலாம். போரில் வீழ்ந்தவனைப் ‘பட்டான்’ என்று நடுகற் கல்வெட்டுகள் கூறும். அதே ‘படு’ என்னும் வினையே ‘பட்டறிவு’ என்னும் சொல்லிலும், ‘பட்டால்தான் தெரியும்’ என்னும் பேச்சு வழக்கிலும் உள்ளது. சாவும் கல்வியும் ஒரே வினையடியில் நிற்கின்றன. மாண்டு கற்கும் ஆட்டத்துக்கு இதனினும் பொருந்திய சொல் கிடைப்பது அரிது. முதல்முறை காணும் வாசகர் திகைக்கக்கூடும் என்பது உண்மை. நூறாவது முறை காணும்போது திகைக்கமாட்டார். நூறுமுறை காணப்போகிறார் என்பது உறுதி.

இடைவெளி நிரப்பும் தொடர்கள்

மொழியியலார்க்கு மிகுந்த விருந்தாவது ஆடுபவர் தரையில் எழுதிவைக்கும் குறிப்புகள். அவரவர் விரும்பியதை எழுத இயலாது. ‘முன்னே இன்னது’, ‘இன்னதில் எச்சரிக்கை’, ‘இன்னது வேண்டும்’ என்பன போன்ற தொடர்ச் சட்டங்களும், அவற்றின் இடைவெளியில் பொருத்தச் சொற்பட்டியலும் தரப்பட்டுள்ளன. டோக்கியோவில் ஒருவர் ஜப்பானிய மொழியில் பொருத்தியதை மும்பையில் ஒருவர் ஆங்கிலத்தில் படிக்கலாம். சட்டமும் சொல்லும் எண்களாகவே அனுப்பப்பட்டு, அங்கங்கே மொழியாகின்றன.

இக்கட்டுக்குள்ளும் குழூஉக்குறி பிறந்துவிட்டது. எல்டன் ரிங்கில் ஆமையைக் கண்ட இடங்களில் ‘நாய்’ என்று எழுதிவைப்பது வழக்கமாகி, ஆடுவோரிடையே ஆமையின் பெயரே நாய் என்றாயிற்று. அவையில் சொல்லத்தகாதவற்றை, அவைக்கு ஆகும் சொற்களையே அடுக்கிக் குறிப்பால் எழுதுவோரும் பலர். இடக்கரடக்கலைத் தலைகீழாக்கிய முறை இது.

ஜப்பானிய மொழியில் வேற்றுமை இடைச்சொல் பெயரைத் திரிக்காமல் அதன்பின் வந்து நிற்கும். ஆகவே எந்தப் பெயரும் எந்த இடைவெளியிலும் பொருந்தும். தமிழும் ஒட்டுநிலை மொழியே. ஆனால் இங்கே ‘மரம்’ உருபேற்கும்போது ‘மரத்து’ என்றும், ‘வீடு’ ‘வீட்டு’ என்றும் திரியும். வல்லினம் மிகுதலும் உண்டு. ‘முயன்று பார்’ என்னும் பொருளுடைய சட்டத்தில் ‘குதித்து’ என்னும் வினையெச்சம் இயல்பாக அமையும். ‘நெருப்பு’ என்னும் பெயர் அமையாது. ஆகவே தமிழுக்குப் பெயர்ப்பட்டியல் ஒன்றும் எச்சப்பட்டியல் ஒன்றும் தனித்தனியே வேண்டும். ‘வேண்டும்’ என்னும் சட்டம் மட்டும் தொல்லை தராது. ‘நெருப்பு வேண்டும்’, ‘ஏணி வேண்டும்’ என எழுவாய் வடிவமே அதற்குப் போதும்.

எச்சரிக்கைத் தொடருக்கு விடை வீட்டு வாயிற்கதவுகளில் நெடுங்காலமாகத் தொங்குகிறது. மும்பையின் வாயிற்கதவுகளில் காணப்படும் இந்திப் பலகை ‘குத்தோன் ஸே சாவதான்’ என்று பெயரைத் திரித்தே எச்சரிக்கிறது. மராத்தியிலும் ‘குத்ரா’ என்பது ‘பாசூன்’ உருபின்முன் ‘குத்ர்யா’ ஆகிறது. இவ்விரு மொழிகளும் தமிழைப் போலவே இந்தச் சட்டத்தில் இடறும். தமிழ்நாட்டுப் பலகையோ ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று உருபின்றி நிற்கிறது. இலக்கண ஆசிரியர் இதனைப் பிழை என்று திருத்தக்கூடும். ஆனால் எந்தப் பெயரை வைத்தாலும் தாங்கும் சட்டம் அது. இலங்கையின் ‘கடிநாய் கவனம்’ என்பதும் அவ்வாறே. ‘ஜாக்கிரதை’யா ‘கவனம்’மா என்பதே எஞ்சும் வினா. தாராவியில் எழுதப்படும் குறிப்பை யாழ்ப்பாணத்தாரும் சிங்கப்பூராரும் படிக்க நேரும் என்பதால், இரண்டையும் பட்டியலில் வைத்து, ஆடுபவரே தேர்ந்துகொள்ள விடுவது தக்கது. ஆமையைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவதும் அவ்வளவுக்குத் தக்கதே.