கட்டத்துக்குள் குரல் இல்லை

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலில் சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. அச்சால் அது ஆகாது. அந்தக் குறையைக் க்யூஆர் கட்டம் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவியிருக்கிறது. பாட்டைப் பதிந்து இணையத்தில் ஏற்றி, கட்டத்தைப் புத்தகத்திலோ கோயில் சுவரிலோ போட்டுவிட்டால் போதுமாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் இவை இருக்கின்றன. பதுளைத் தோட்டங்களின் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் காமன் கூத்துக்கும் இது சரிவருமா?

வசதி இருக்கத்தான் செய்கிறது. செலவு, ஒரு போட்டோக்கொப்பி எடுக்கும் காசு. நீண்ட முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டியதில்லை. 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிப்பாகங்களைக் கணக்கெடுக்க உருவாக்கியது இது; உயர்ந்த திருத்த நிலையில் அச்சிட்டால் ஏறக்குறைய 30 வீதம் சிதைந்த பின்னும் போன் அதைப் படித்துவிடும். தொழிற்சாலை அழுக்கைத் தாங்கியது பிரட்டுக்களத்து ஈரத்தையும் தாங்கும்.

ஆனால் அது தாங்குவது முகவரியை மட்டும்தான். ஒரு கட்டத்தில் அதிகபட்சம் 2,953 பைட் அடங்கும். எவ்வளவு நசுக்கினாலும் ஒரு முழுப் பாட்டு அதில் தேறாது. பாட்டு கிடப்பது எங்கோ ஒரு சேர்வரில். அந்த முகவரி யார் கையில்? இலவசச் சுருக்கு முகவரியையே அச்சிட்டுவிடுவதும் நடக்கிறது. கூகுளின் அத்தகைய சேவை 2019இல் புதிய முகவரிகள் தருவதை நிறுத்தியது. பழையவற்றில் ஆள்வரத்து இல்லாதவற்றை 2025 ஓகஸ்டில் அணைப்பதாக அறிவித்தது. தோட்டத்துப் பாட்டியின் தாலாட்டைத் தேடி வருடத்தில் எத்தனை பேர் வரப்போகிறார்கள்? முதலில் அணைவது அதுவாகத்தான் இருக்கும்.

2022 எரிபொருள் நெருக்கடியில், பெற்றோல் பங்கீட்டால் க்யூஆர் எல்லார் வாயிலும் புழங்கியது. அப்போது நம்மவர் கட்டத்தைக் காட்டினார்கள், ஸ்கேன் செய்தவர் ஷெட் ஊழியர். பாட்டுக்கோ கேட்பவரே ஸ்கேன் செய்ய வேண்டும். அவருக்கு ஸ்மார்ட் போன், டேட்டா, சிக்னல் மூன்றும் தேவை. 2021இல் இணைய வகுப்புக்காகப் பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவ கிராமப் பிள்ளைகள் மலையேறிச் சிக்னல் பிடித்தது செய்தியானது. கொழும்பு ஆய்வாளருக்கு நொடியில் கிடைக்கும் பாட்டு, பட்டன் போன் வைத்திருக்கும் பாடகிக்குக் கிடைக்காது. இதைச் சின்னக் குறையென்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

காமன் கூத்து மாசியில் விடியவிடிய நடப்பது. தப்படி தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அதில் மூன்று நிமிடத்தை வெட்டி ‘காமன் கூத்துப் பாடல்’ என்று மட்டும் போட்டால், அது ஸ்பிரிங்வெளியா பசறையா, ரதி புலம்பும் இடமா, தப்பு அடித்தது யார், ஒன்றும் தெரியாது. இணைப்பு செத்தால் தாளில் மிஞ்சுவது வெறும் புள்ளிகள். பாடியவர், டிவிஷன், தேதி, முதல் அடி: இரண்டு வரியில் அச்சிட்டுவிடலாம். அதைக்கூடச் செய்யாமல் விடுவது சோம்பல்தான்.

ஒப்பாரி விஷயம் வேறு. அதில் செத்தவர் பேரும் வீட்டுச் சண்டையும் வரும். சுவரில் ஒட்டியபின் யார் கேட்டார், யாருக்கு அனுப்பினார் என்று பிடிக்க முடியாது. பாடியவரும் அந்த வீட்டாரும் சம்மதிக்காமல் அதைத் தொடவே கூடாது.

மூலப் பதிவை நூலகம் நிறுவனத்தின் ‘ஆவணகம்’ என்ற இணையக் காப்பகம் போன்ற இடத்தில் வைத்து, அங்குள்ள முகவரியைக் கட்டமாக்கினால் ஆயுள் கூடும். இன்னொரு பிரதியை மெமரி கார்டில் போட்டுப் பாடியவர் வீட்டுக்கும் கோயில் கமிட்டிக்கும் கொடுக்க வேண்டும். அங்கிருந்து ப்ளூடூத்தில் லயம் முழுக்கப் போய்விடும். அதற்கு ரீலோட் போடத் தேவையில்லை.