ஆற்றை வெட்டிப் பார்க்கிற வேலை

உலகத்திலேயே சிறந்த உத்தியோகம் எது என்று என்னைக் கேட்டால் யோசிக்கவே மாட்டேன். நீர்மின் நிலையத்துக்குப் படம் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன் உத்தியோகம்தான். கலெக்டர் வேலை கொடுத்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். கொடுக்கவும் மாட்டார்கள், அது வேறு விஷயம்.

இத்தனைக்கும் நான் மலைநாட்டுக்காரன் இல்லை. திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே குடமுருட்டிக் கரையில் பிறந்தவன். எங்கள் பக்கம் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம், பள்ளம் என்றால் குளம். தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டர்கூட உயரமில்லை. அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரை ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுகூடத் தேறாது. எங்கள் ஊரில் தண்ணீர் பரவும், தேங்கும், நெல்லாகும், விழாது. விழாத தண்ணீரில் கரண்ட் ஏது?

1986இல் ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் முடித்துவிட்டு ஈரோட்டில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் டிரேசராகச் சேர்ந்தேன். டிராயிங் போர்டு, டி-ஸ்கொயர், ரோட்ரிங் பேனா. கோடு தப்பினால் பாதி பிளேடால் டிரேசிங் தாளை மெல்லச் சுரண்ட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை. சித்திரை வெயிலில் கை வியர்வை மையில் படாமலிருக்க மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டை. அம்மோனியா பிரிண்ட் எடுக்கும் அறைக்குள் போனால் கண்ணும் மூக்கும் சேர்ந்து அழும். அந்த நெடிக்கு இன்றைக்கும் என் மனசு துள்ளும், சத்தியமாக.

முதல் வாரமே என் மேசைக்கு வந்தது காவிரியின் குறுக்கே ஒரு கதவணை மின்நிலையத்தின் வெட்டுத்தோற்றம். அன்றைக்கு விழுந்தவன்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

காவிரியில் மின்சாரம் என்பது பழைய கதைதான். 1902இலேயே சிவசமுத்திரத்தில் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பியிழுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். 1925இல் தொடங்கி 1934இல் மேட்டூர் அணை முடிந்தது. 1937இல் அதன் அடியில் மின்நிலையம் வந்தது. அணையின் உயரம் 214 அடி. நம் பெரிய கோயில் விமானம் 216 என்பார்கள். இருநூற்றில் ஒரு பங்கு அளவில் வரைந்தால் இரண்டும் ஒரே ஏ1 தாளில் பக்கத்தில் பக்கத்தில் அடங்கும். நான் வரைந்தும் பார்த்திருக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா.

ஆனால் என்னை மயக்கியது அந்த உயரமில்லை, உயரமே இல்லாத இடம். மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நாலு கதவணைகள். அதற்கும் கீழே பவானி கட்டளைக் கதவணைகள் மூன்று. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் இயந்திரம் இரண்டு. மலையும் கிடையாது, நீண்ட குழாயும் கிடையாது. ஆற்றைச் சில மீட்டர் தேக்கி, அந்தச் சின்னப் படியிலேயே கரண்ட் எடுக்கிறார்கள்.

விநாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு மீட்டர் விழுந்தால் 10 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். வீழ்ச்சி 7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இயந்திர இழப்பையும் சேர்த்து 15 மெகாவாட்டுக்கு விநாடிக்கு எட்டாயிரம் கன அடிக்கு மேல் வேண்டும். கன அடி! டெல்டாக்காரன் காதில் அது தாய்மொழி. டீக்கடையில் பேப்பர் விரிக்கும்போதே நாங்கள் மேட்டூர் வரத்தைத்தானே முதலில் பார்ப்போம்.

அவ்வளவு தண்ணீரையும் விழுங்குவதற்கு பல்ப் டர்பைன் என்று ஒன்று. மீன் வடிவ இரும்புக் கூட்டுக்குள் ஜெனரேட்டரை வைத்து, அந்தக் கூட்டையே ஆற்றுக்குள் அமிழ்த்தி, சுற்றிலும் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். உள்ளே இறங்கத் தனிக் குழாய், அதில் ஏணி. நாலு பக்கமும் காவிரி பாய, நடுவே நனையாத சட்டையோடு ஒரு ஆள் நின்று போல்ட் முடுக்கலாம். நனைந்தால் அது வியர்வையில்தான் இருக்கும்.

இதை வரைகிற சுகம் இருக்கிறதே! தண்ணீர் நுழையும் வாய் செவ்வகம். இயந்திரத்தண்டை வட்டம். வெளியேறும் டிராஃப்ட் டியூபில் அந்த வட்டம் விரிந்து விரிந்து திரும்பச் செவ்வகமாகிறது. ஓட்டத்தில் மிச்சமிருக்கும் வேகத்தை வீணாக்காமல் மெல்ல அடக்கி, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. அந்த மாற்றத்தை அடிக்கு அடி வெட்டி வெட்டி வரைய வேண்டும். மூலை எங்கே வளைவாகிறது, வளைவு எங்கே நேராகிறது என்று. கம்ப்யூட்டர் வந்தபிறகு சுட்டியைத் தட்டினால் வெட்டுத்தோற்றம் வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் பேனாவால் வரைந்தபோது தண்ணீர் என் மணிக்கட்டு வழியாகத்தான் திரும்பியது.

ஒரு தப்பும் செய்திருக்கிறேன். ஷட்டர் ஓடும் பள்ளத்துக்கு 2530 என்று போட வேண்டியதை 2350 என்று போட்டுவிட்டேன். சரிபார்த்தவரும் கையெழுத்துப் போட்டார். பலகை அடிக்க வந்த மேஸ்திரிதான், “சார், மேல் படத்துல ஒண்ணு, பக்கவாட்டுப் படத்துல ஒண்ணா இருக்கே” என்று கேட்டார். கான்கிரீட் விழுமுன் தப்பித்தோம். ஷட்டரை வழிநடத்தும் இரும்புகள் மில்லிமீட்டர் சுத்தமாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான், முதல் கான்கிரீட்டில் பள்ளம் விட்டு, இரும்பை நிறுத்தி நேர்பார்த்த பிறகு இரண்டாம் கான்கிரீட்டால் அடைப்பார்கள். அதற்குப் பிறகு எந்த எண்ணையும் நான் இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்காமல் விட்டதில்லை.

ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தக் கதவணையின் பிரிண்ட் ஒன்றைக் கொண்டுபோனேன். திண்ணையில் விரித்தேன். அப்பா எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். விரலை மேல்பக்கத்துத் தண்ணீர்க் கோட்டில் வைத்து அப்படியே நகர்த்திக்கொண்டே வந்தார். இயந்திரத்தின் வாயில் நிறுத்தினார்.

“மணற்போக்கி எங்கடா?”

அசந்துவிட்டேன். கல்லணையில் மண் மேடிட்டதால்தானே 1830 வாக்கில் ஆர்தர் காட்டன் அடிமதகு வைத்தார், பிறகு 1836இல் முக்கொம்பில் மேலணையைத் தொடங்கினார். அப்பாவுக்குக் காட்டனையும் தெரியாது, கட்டடக்கலையும் தெரியாது. மடையில் மணல் மேடிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். மின்நிலையத்தை ஒட்டிய ஷட்டர்களைக் காட்டினேன். அடி, ஆற்றுப் படுகையோடு ஒட்டி இருக்கும், வெள்ளத்தில் தூக்கிவிட்டால் மணல் போய்விடும் என்றேன்.

“அப்ப சரி. நீ போட்டதா இந்தக் கோடெல்லாம்?”

தாளின் வலது கீழ்மூலையில், ‘வரைந்தவர்’ என்ற கட்டத்தில் இருந்த என் இரண்டு எழுத்தைக் காட்டினேன். “இவ்வளோ சின்னதாவா போடுவானுவோ?” என்று அவருக்குக் கோபம்.

ஜூன் 12 வந்தால் எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளாது. மேட்டூர் திறந்த சேதி பேப்பரில் வருமுன்பே கதவணையில் இருக்கிற நண்பனுக்குப் போன் போடுவேன். “ரெண்டு மிஷினும் ஓடுது” என்பான். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்கும். அந்தத் தண்ணீர் கல்லணைக்குப் போய்ச்சேர மூணு நாலு நாள். அதன்பிறகு குடமுருட்டி, வாய்க்கால், எங்கள் நாற்றங்கால். அந்த வாரம் முழுக்க வேலை ஓடாது. ஒரு சாயங்காலம் ஊரிலிருந்து தம்பி கூப்பிடுவான். வணக்கம்கூடச் சொல்ல மாட்டான்.

“அண்ணே, தண்ணி வந்துட்டு.”