இருக்கன்குடி மணலில் கித்தான் கூடாரம்

ஆடி, தை, பங்குனி மாதங்களின் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்க வருகிற குடும்பங்கள் பல முதல் நாளே வேனில் வந்து இறங்கிவிடும். லாரிப் படுதாவை நாலு கம்பில் இழுத்துக் கட்டி, இரவு தங்கி, மொட்டை போட்டு, பொங்கல் வைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். அந்தப் படுதாவுக்குப் பதில் டென்ட் வாங்கலாமா? வாங்கலாம். நான் பார்த்தவரை குடும்பத்துக்குப் பழைய பாணிக் கித்தான் கூடாரம்தான் சரி. இரண்டு நட்டுக்கம்பு, மேலே ஒரு மோட்டுக்கம்பு, இருபுறமும் சரிவு. சாரணர் முகாம்களில் பலர் பார்த்திருக்கும் அதே வடிவம்.

கோயிலுக்கு வடக்கே அர்ச்சுனா நதி, தெற்கே வைப்பாறு. மணலை விட்டு மேலே ஏறினால் கரிசல். கூடாரத்தோடு பையில் வரும் விரல் நீளக் கம்பி முளைகள் இந்த இரண்டு மண்ணுக்குமே ஆகாது. காய்ந்த கரிசலில் அடித்தால் வெடிப்பு வழியாக முளை இறங்கிவிடுகிறது, பிடிப்பு இல்லை. மழை பட்டால் அதே மண் களியாகி முளையைத் தளர விடும். கரிசலுக்கு ஒன்றரை அடி இரும்பு முளை வேண்டும். பட்டறையில் சொன்னால் அடித்துக் கொடுப்பார்கள். வெடிப்பிலிருந்து தள்ளி, தலை கூடாரத்துக்கு வெளிப்பக்கம் சாயும்படி இறக்க வேண்டும்.

மணலில் முளையையே மறந்துவிடலாம். உரச்சாக்கில் மணலை நிரப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழக் குழியில் படுக்க வைத்து மூடி மிதித்துவிட்டால், ஆடிக்காற்றும் அதை அசைக்காது. சாக்குகளைப் புதைக்க நேரமாகும். அந்த உழைப்பு வீண்போகாது.

அந்தக் காற்று மேற்கிலிருந்து வருவது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் வெறும் வேகத்தோடு இறங்குகிறது. அதனால் மோட்டுக்கம்பு கிழக்கு மேற்காக இருக்கட்டும், வாசல் கிழக்கே. அகலமான சரிவைக் காற்றுக்குக் காட்டினால் துணி பாய்மரம்போல் உப்பி நட்டுக்கம்பைச் சாய்த்துவிடும். இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டுத் தரைவிரிப்பைப் போடுங்கள். சீமைக்கருவேல முள் ஒன்று போதும், விரிப்பும் கிழியும், பாதமும் கிழியும்.

தையில் சோதனை பனி. பாலியெஸ்டர் டென்டின் அட்டையில் 2000 மி.மீ. என்று போட்டிருந்தால், அத்தனை உயர நீரின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்று கணக்கு. மழைக்கு நல்லதுதான். ஆனால் வெளிநீரை விடாத துணி மூச்சின் ஈரத்தையும் வெளியே விடுவதில்லை. காற்றுப்போக்கு இல்லாத ஒற்றைத் துணி டென்டில் நான்கு பேர் படுத்தால் விடியும்போது போர்வை நனைந்திருக்கும். கித்தான் மூச்சுவிடும் துணி. புதிதாக வாங்கியதும் வீட்டிலேயே ஓரிரு முறை நனைத்துக் காயவையுங்கள். நூல் உப்பித் தையல் துளைகள் அடைபடும். மழை பெய்யும்போது உள்பக்கத்தைக் கையால் தொட்டால் அந்த இடத்தில் ஒழுகும், குழந்தைகளிடம் சொல்லி வையுங்கள். கயிறு பருத்தியானால் பனியில் சுருங்கும். படுக்கப் போகும் முன் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும்.

பங்குனி வெயிலில் எந்தக் கூடாரத்துக்குள்ளும் நடுப்பகலில் படுக்க முடியாது. பக்கச்சுவர் சுருட்டும் வகையாகப் பார்த்து வாங்கினால் பகலில் நிழற்பந்தலாகவாவது பயன்படும்.

நெருப்பு விஷயத்தை மட்டும் அலட்சியமாக விடக்கூடாது. பொங்கல் அடுப்பும் அக்கினிச் சட்டியும் இருக்கிற இடம் இது. சிவகாசி, சாத்தூர் பட்டாசு ஆலைகளில் பருத்தி உடை உடுத்தச் சொல்வது ஏன் என்று அங்கே வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். செயற்கை இழை உரசினால் மின்னூட்டம் சேரும். தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பாலியெஸ்டர் டென்டும் அதே இழைதான். கித்தானும் தீப்பிடிக்கும், ஆனால் உருகி மேலே சொட்டாது. அடுப்பை ஆடியில் கூடாரத்துக்குக் கிழக்கே, வாசலுக்கு நேராக இல்லாமல் ஒதுக்கி, நன்றாகத் தள்ளி வையுங்கள். பொறி பறக்கும் திசையில் அடுத்தவர் படுதா இருக்கிறதா என்றும் பாருங்கள். மழை வந்தாலும் உள்ளே சமைக்கவே கூடாது. மூடிய கூடாரத்தில் புகையோடு சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கித்தானின் குறை, அதன் எடைதான். நாலு பேர் படுக்கும் கித்தான் கூடாரம் கம்புகளோடு பதினைந்து கிலோவைத் தாண்டும். பாதயாத்திரையாக வருகிறவர்கள் இரண்டு மூன்று கிலோ டோம் டென்டை எடுத்துக்கொள்ளட்டும், அவர்களுக்கு அதுவே பொருத்தம். ஈரத்தோடு மடித்து வைத்தால் கித்தானில் பூஞ்சை பிடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் ஆறு. இங்கே தூறல்கூட இல்லாதபோதும் மேலே மழை பெய்தால் நீர் வரலாம். தண்ணீர் ஓடும் தடத்தில் கூடாரம் போடாதீர்கள். கிளம்பும்போது முளைகளை எண்ணிப் பையில் போட்டுக் குழிகளை மூடிவிடுங்கள். அந்த மணலில் எல்லாரும் செருப்பில்லாமல் நடக்கிறார்கள்.