அலையைக் காட்டினர்; அதன் பிறகு?

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை தரங்கம்பாடியில் கரையேறியது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்துயரைத் தமிழ்த் திரை எவ்விதம் தீட்டிற்று?

2008-இல் வந்த ‘தசாவதாரம்’ படத்தில், கடலின் உப்பு கொடிய கிருமியைக் கொல்கிறது. அலை உலகைக் காக்கிறது! 2014-இல் வந்த ‘கயல்’, காதல் கதைக்கு அதனை உச்சக்கட்டமாக்கிற்று. அலையைக் காட்டியதில் உழைப்புண்டு, மறுக்கவில்லை. ஆயினும், சுமத்திரா அருகே கடலடி நிலத்தட்டு நழுவியதால் எழுந்த நீருக்கு நோக்கமேது, தோழர்களே?

நோக்கம் மனிதனுக்கே உண்டு, நன்மைக்கும், தீமைக்கும்! அந்த மனிதனைத்தான் இப்படங்கள் தேடவில்லை. உப்பேறிய வயலில் தக்கைப்பூண்டு விதைத்து, மடக்கி உழுது, மீண்டும் நெல் கண்டான் உழவன். கடலை விட்டுத் தள்ளி மீனவர்க்குப் புதுவீடுகள் எழுந்தன. அதே நாளில், துயர்துடைப்பு முகாம்களிலும் சாதி நுழைந்தது; தாழ்த்தப்பட்டோரை ஒதுக்கிற்று. சொந்தப் படகும் வலையுமில்லாக் கூலியாட்களின் இழப்பு, கணக்கில் பின்னுக்குப் போயிற்று. அலை சாதி பார்க்கவில்லை; அரிசி பங்கிட்ட கை பார்த்தது!

இதில் கதையில்லையா, கலைஞர்களே? அலை அடித்தது சில நிமிடம். மக்கள் மீண்டெழப் பல்லாண்டு. அந்தப் பல்லாண்டைப் படமாக்குங்கள். அதுவரை நாம் கண்டது கண்ணுக்கு வேடிக்கை, கருத்துக்கு வெறுமை!